டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு ஃபில்டர்

குழு: சங்ககிரி சொந்தங்கள்
ஞாயிற்றுக்கிழமை

அத்தை (காலை 6:50): சாமி, மதியம் 3 மணிக்குத் தேங்காய் ஏற்ற வண்டி வேண்டும். 500 காய். மறந்துவிடாதே.

நான் (6:58): வந்துவிடும் அத்தை. ஆயில் மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்புகிறேன். ஒரு மணி நேர வேலை.

மச்சான் (7:01): ஒரு மணி நேரமா? இந்த மெசேஜை ஸ்டார் போட்டு வைத்துக்கொள்கிறேன்.

நான் (9:40): [படம்]

நான் (9:41): டிரைவர் சீட் எங்கள் வாசலில் இருக்கிறது. பையன் அதில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறான்.

பெரியப்பா (9:44): ஆயில் மாற்றச் சீட்டை எதற்குக் கழற்றினாய் கண்ணு?

நான் (9:49): இந்தக் குட்டி லோடு வண்டியில் இன்ஜின் சீட்டுக்கு அடியில்தானே பெரியப்பா இருக்கிறது. பெரிய லாரி மாதிரி கேபினும் சாயாது. பழைய ஆயிலை வடிக்கிற டிரெயின் போல்ட் கீழே இருந்து சுலபமாக வந்துவிட்டது. ஆயில் ஃபில்டர்தான் வம்பு. கீழே படுத்தால் குறுக்குச் சட்டம், அதுதான் கிராஸ் மெம்பர், மறைக்கிறது. மேலே இருந்து கையை விட்டால் புகைக்குழாய் சுடுகிறது. நடுவில் படுக்கை வாட்டத்தில் மாட்டியிருக்கிறார்கள். லேசாகத் திருகியதும் உள்ளே நின்ற ஆயில் எல்லாம் கிராஸ் மெம்பர் மேல் கொட்டி, அங்கிருந்து என் நெற்றியில்.

மச்சான் (9:50): 😂😂 தலைக்கு எண்ணெய் சனிக்கிழமைதானே வைப்பாய்?

நான் (9:52): சிரிக்காதே. போன தடவை எவனோ செயின் ஸ்பேனர் போட்டு இறுக்கியிருக்கிறான். கொஞ்சம் அசைந்து அப்படியே நிற்கிறது.

மச்சான் (9:55): கையால் இறுக்க வேண்டியதை ஸ்பேனரால் இறுக்கினால் அப்படித்தான். புதியதை மாட்டும்போது ரப்பர் வளையத்தில் ஆயில் தடவு. வளையம் உட்கார்ந்த பிறகு முக்கால் சுற்று, அவ்வளவுதான். அப்புறம் ஒரு தண்ணீர் பாட்டிலைக் குறுக்கே வெட்டி வாய்க்கால் மாதிரி ஃபில்டருக்குக் கீழே சொருகு. ஆயில் டப்பாவில் போய் விழும்.

நான் (9:56): இதை ஏழு மணிக்குச் சொல்லியிருக்கலாம்.

பெரியப்பா (10:05): எங்கள் காலத்து மூக்கு லாரியில் பானட்டைத் தூக்கிவிட்டு மட்கார்டு மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். டீ கிளாஸ் வைக்கக்கூட இடம் இருக்கும். இப்போது கை நுழைகிற இடத்தில் விரல் நுழைவதில்லை. நம்ம பாப்பா இதைத்தானே கம்ப்யூட்டரில் வரைகிறாள், அவளைக் கேள்.

தங்கச்சி (10:11): அப்பா! நான் வரைவது சீட் பிராக்கெட். ஃபில்டருக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை.

நான் (10:12): அந்த பிராக்கெட்டின் நாலாவது போல்ட்டை அரை மணி நேரம் கழற்றினேன் தாயே. அதுவும் ஸ்டார் போல்ட். பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய பிட்.

தங்கச்சி (10:20): உங்கள் வண்டி எங்கள் கம்பெனி இல்லை அண்ணா, தப்பித்தேன். ஆனால் காரணம் சொல்கிறேன். ஃபேக்டரியில் சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்தின் மேல் முதலில் இன்ஜினை வைப்பார்கள். பைப், வயர், ஃபில்டர் எல்லாம் அதில் மாட்டி முடித்த பிறகுதான் கேபின் மேலே இருந்து இறங்கும். மாட்டுகிறவருக்கு அந்த ஃபில்டர் கண்ணெதிரே இருக்கும். வீட்டில் நீங்கள் கேபினோடு சேர்த்துப் பார்க்கிறீர்கள்.

மச்சான் (10:22): அப்படியானால் கழற்றுகிறவனைப் பற்றி ஒருவரும் யோசிப்பதில்லை.

தங்கச்சி (10:31): யோசிப்பார்கள் மச்சான். ஸ்பேனர் நுழையுமா, கை போகுமா என்று திரையில் வைத்துப் பார்ப்போம். ஆனால் அந்தக் கையில் வேர்வை இல்லை, ஆயில் இல்லை. வண்டியும் லிஃப்டில் நிற்பதாகக் கணக்கு. வாசலில் சாக்கை விரித்துப் படுத்திருக்கும் அண்ணா அந்தக் கணக்கில் வரமாட்டார். இன்னொன்று, 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 என்கிற புகை விதி. பிஎஸ் 4இல் இருந்து ஐந்தைத் தாண்டி நேராக ஆறுக்குப் போனோம். புகை வடிகட்டி, சென்சார், கூலர் என்று எவ்வளவு சாமான் வந்தது! இடம் மட்டும் அதே இடம்.

பெரியப்பா (10:38): அது சரி. ஜாயின்ட்டில் கிரீஸ் அடிக்கிற நிப்பிளை ஏன் எடுத்தீர்கள்? அதற்கும் பிஎஸ் ஆறா?

தங்கச்சி (10:40): அது சீல் செய்த ஜாயின்ட் அப்பா. உள்ளே தூசி, தண்ணீர் போகாது. யாரும் கிரீஸ் அடிக்க மறந்தாலும் பிரச்சினை இல்லை.

பெரியப்பா (10:46): மறக்கிறவனுக்காக, மறக்காதவன் ஜாயின்ட்டையே மாற்ற வேண்டுமா? நான் வாராவாரம் கிரீஸ் கன் வைத்து அடிப்பேன். புது கிரீஸ் உள்ளே போகப் போகப் பழைய அழுக்கு பிதுங்கி வெளியே வரும். இப்போது சீல் கிழிந்தால் பார்ட்டையே தூக்கிப் போடு என்கிறார்கள்.

தங்கச்சி (10:47): இதற்கு என்னிடம் பதில் இல்லை 🙏

அத்தை (10:48): வண்டி வருமா வராதா?

நான் (10:48): வரும் அத்தை.

மச்சான் (11:02): எனக்கு ஸ்டெப்னி வைக்கிற இடம்தான் எரிச்சல். லோடோடு பின் டயர் பஞ்சர் ஆனால் வண்டி பின்னால் அமுங்கிவிடும். ஸ்டெப்னி சேஸிஸுக்கு அடியில் தொங்குகிறது, இறக்கினாலும் வெளியே இழுக்க உயரம் போதாது. முதலில் ஜாக்கி வைத்துத் தூக்கு, பிறகு ஸ்டெப்னியை எடு. ஜாக்கி எங்கே? சீட்டுக்குப் பின்னால், தார்ப்பாய்க்கு அடியில்.

மச்சான் (11:06): போன மாதம் பட்டறைக்கு ஒரு பெரிய லாரி வந்தது. புது டிரைவர், இருட்டில் யூரியா தண்ணீரை டீசல் டேங்க்கில் ஊற்றிவிட்டார். இரண்டு மூடியும் பக்கத்தில் பக்கத்தில். நீல மூடி என்று அடையாளம் இருக்கிறது, ஆனால் அந்த மூடியில் இருந்த சேறு நீலம் இல்லையே.

பெரியப்பா (11:09): லாரிக்கு எதற்கு யூரியா? நெல்லுக்குத்தானே போடுவோம்.

தங்கச்சி (11:14): புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்ஸைடை முறிக்க அப்பா. 32.5 சதவீதம் யூரியா, மிச்சம் சுத்தமான தண்ணீர். வயலுக்குப் போடுவதைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள்.

பெரியப்பா (11:20): நான் ஏன் ஊற்றுகிறேன். ஒருமுறை தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால் டீசல் தீர்ந்து, பைப்பில் காற்று பிடித்து லாரி நின்றுவிட்டது. பம்ப் அடித்து, இன்ஜெக்டர் பைப் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, கிளீனரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லிக் காற்றை எடுத்தேன். பத்து நிமிடத்தில் கிளம்பினோம். அந்த லாரியும் சொக்கத்தங்கம் இல்லை, இடது பக்க வீல் நட்டெல்லாம் எதிர் மரை. தெரியாதவன் திருகத் திருக இறுகும்.

தங்கச்சி (11:23): அப்பா, அண்ணா, எல்லோரும் கவனியுங்கள். அந்த இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தும் வேலையை இப்போதைய காமன் ரெயில் வண்டியில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயில் இருந்து டீசல் போகிற வண்டியில், செய்யவே கூடாது. உள்ளே ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம். கசிகிற டீசல் ஊசி மாதிரி தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். விளையாட்டில்லை.

பெரியப்பா (11:24): சரி சாமி. தொடமாட்டேன்.

நான் (12:35): ஃபில்டர் வந்துவிட்டது!! புதியது மாட்டியாயிற்று. ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தேன், கசிவு இல்லை. ஆனால் சர்வீஸ் விளக்கு அணையவில்லை. அதை அணைக்க வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசுகிற ஸ்கேனர் வேண்டுமாம். ஆயிலை மாற்றியது நான், சாட்சி சொல்ல ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் வர வேண்டும்.

தங்கச்சி (12:41): பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 ஜூலையில் ஒரு குழு போட்டது. அந்த டிசம்பரிலேயே தனி இணையதளமும் வந்தது. வாகனமும் அதில் ஒரு பிரிவு. உங்கள் கம்பெனி கையேடு ஏதாவது போட்டிருக்கிறதா என்று பாருங்கள் அண்ணா.

மச்சான் (12:43): கையேடு கிடக்கட்டும். திங்கட்கிழமை பட்டறைக்கு வா, ஸ்கேனர் இருக்கிறது. பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதே, கேனில் கொண்டு வா.

அத்தை (2:10): சாமி, காயெல்லாம் சாக்கில் கட்டியாயிற்று.

நான் (2:14): வண்டி ரெடி அத்தை. சீட் மட்டும் மாட்ட வேண்டும்.

அத்தை (2:15): மாட்ட வேண்டியதுதானே?

நான் (2:16): [படம்]

நான் (2:16): பையன் அதில் தூங்கிவிட்டான்.

அத்தை (2:18): ஐயோ, எழுப்பாதே. நான்கு மணிக்கு வா, போதும்.