என் கணினியில் சரியாக இருக்கும் தமிழ் ஸ்லைடுகள் மண்டபத்துக் கணினியில் உடைகின்றன – உதவி தேவை

சிப்புட்_வரைகலை

எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். பவர்பாயிண்ட் வடிவமைப்புதான் என் தொழில். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். மலாய், ஆங்கிலம் என்றால் பிரச்சினையே இல்லை. இப்போது ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு மூன்று மொழியிலும் ஸ்லைடு செய்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் பழைய தோட்டத்து ஆட்கள், தமிழ்தான் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

நேற்று மண்டபத்தில் ஒத்திகை பார்த்தோம். தமிழ்த் தலைப்புகள் எல்லாம் அகலமாகி, ஒரு வரியில் இருந்தது இரண்டு வரியாக மடிந்து கீழே இருந்த படத்தின் மேல் ஏறிவிட்டது. முக்தா மலர் எழுத்துருவில் நான் வைத்திருந்த பெட்டிகள் வேறு ஏதோ எழுத்தில் வந்தன. சங்க வரலாறு பற்றிய நாலைந்து ஸ்லைடுகளில் தமிழே இல்லை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கொத்துக் கொத்தாக நிற்கிறது. என் வீட்டுக் கணினியில் எல்லாமே அழகாக இருக்கிறது!

என்னுடையது விண்டோஸ் 11, மைக்ரோசாஃப்ட் 365. மண்டபத்தில் விண்டோஸ் 7, ஆஃபீஸ் 2010. டெம்ப்ளேட் சங்கம் கொடுத்தது. வர்ற சனிக்கிழமை கூட்டம். யாராவது சொல்லுங்கள்.

கூலிம்_டீச்சர்

பிடிஎஃப் ஆக்கிக் கொண்டு போய்விடுங்கள் தம்பி. எங்கள் பள்ளியில் நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். எழுத்துரு பிடிஎஃப் உள்ளேயே போய்விடும், எந்தக் கணினியிலும் மாறாது.

சிப்புட்_வரைகலை

நன்றி டீச்சர். ஆனால் செயலாளர் கூட்டத்தன்று காலை வரைக்கும் கணக்கு எண்களை மாற்றிக்கொண்டே இருப்பார். பிடிஎஃப் கொடுத்தால் என்னைத்தான் கூப்பிடுவார். அசைவுகளும் போய்விடும். திருத்தக்கூடிய கோப்பாகவே வேண்டும்.

கிள்ளான்_கணினி

தம்பி, உங்களுக்கு வந்திருப்பது ஒரே நோய் இல்லை, மூன்று. ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு ஆகாது. தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலில் தலைப்பு. டெம்ப்ளேட்டில் ஏற்கெனவே இருக்கிற தலைப்புப் பெட்டியில்தான் தட்டச்சு செய்திருப்பீர்கள், எழுத்துருவை நீங்கள் தனியாகத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டீர்கள். அப்படியானால் எழுத்துருவை முடிவு செய்வது தீம், அதாவது டெம்ப்ளேட்டுக்குள் இருக்கும் நிறம், எழுத்துரு அமைப்புகளின் தொகுப்பு. ஆஃபீஸ் தீம்களுக்குள் ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் ஒரு எழுத்துரு குறித்து வைத்திருப்பார்கள். தமிழுக்கு நேரே இருப்பது லதா. விண்டோஸ் 2000 காலத்திலிருந்து வரும் அதே லதா. விண்டோஸ் 10 வந்தபோது மைக்ரோசாஃப்ட் அதை அடிப்படைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டது. வேண்டுமானால் தமிழ்க் கூடுதல் எழுத்துருக்கள் என்று தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும். அது இல்லாத கணினியில் விண்டோஸ் நிர்மலா யூஐ எழுத்துருவைப் போட்டு ஒப்பேற்றும். நிர்மலா விண்டோஸ் 8-இல்தான் வந்தது, அதனால் மண்டபத்து விண்டோஸ் 7-இல் அது இருக்காது, லதா இருக்கும்.

ஆக, கோப்பு கேட்பது லதா. உங்கள் வீட்டில் அது இல்லாமல் நிர்மலாவைப் பார்த்து அளவெடுத்து வடிவமைத்தீர்கள். மண்டபத்துக் கணினி கோப்பு கேட்டதையே கொடுத்தது. லதா அகலமான எழுத்து, வரி மடிந்துவிட்டது. செட்டிங்ஸில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து உங்களிடம் லதா இருக்கிறதா என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது முக்தா மலர். அது அங்கே நிறுவப்படவில்லை, அவ்வளவுதான். மூன்றாவது, அந்த வரலாற்று ஸ்லைடுகள். எங்கிருந்து எடுத்து ஒட்டினீர்கள்?

சிப்புட்_வரைகலை

அண்ணே, லதா இல்லை. நீங்கள் சொன்னது போலவே நிர்மலா மட்டும்தான் இருக்கிறது.

வரலாற்றுப் பகுதி சங்கத்தின் பழைய ஆண்டுமலரிலிருந்து வந்தது. வேர்டு கோப்பாகக் கொடுத்தார்கள்.

கிள்ளான்_கணினி

நினைத்தேன். அது பாமினி மாதிரி, யுனிகோடுக்கு (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறை) முந்திய எழுத்துருவாக இருக்கும். அந்த வகையில் கோப்புக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் உருவத்தை வரைந்து காட்டுகிறது. எழுத்துரு இருக்கிற கணினியில் தமிழ், இல்லாத கணினியில் கந்தரகோளம். தமிழுக்கு யுனிகோடில் 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது, ஆனாலும் நம் சங்கங்களின் அலமாரியில் இன்னும் இந்தக் கோப்புகள்தான் குவிந்து கிடக்கின்றன.

உறுதிப்படுத்திக்கொள்ள ஹோம் பட்டியில் ரிப்ளேஸ் பக்கத்து அம்பை அழுத்தி ரிப்ளேஸ் ஃபாண்ட்ஸ் திறங்கள். கோப்பில் பயன்பட்ட எழுத்துருக்களெல்லாம் அங்கே பட்டியலாக வரும். கணினியில் இல்லாதவற்றுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி நிற்கும். இதையே மண்டபத்துக் கணினியில் திறந்து பார்த்தால் எது எது விடுபட்டிருக்கிறது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஆனால் பாமினியை அங்கேயே முக்தா மலராக மாற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். உங்கள் கணினியிலும் அந்தக் குப்பைதான் வரும். மாற்ற வேண்டியது எழுத்துருவை அல்ல, உரையை. என்எச்எம் கன்வர்ட்டர் போல ஒன்றில் போட்டு யுனிகோடாக்கி மறுபடி ஒட்டுங்கள். அப்புறம் வரிக்கு வரி படியுங்கள். தமிழுக்கு நடுவே ஏரியலில் இருந்த மலாய்ச் சொற்களையும் கன்வர்ட்டர் தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும். நிறுவனப் பெயரின் கடைசியில் பெர்ஹாட் என்று இருந்த இடத்தில் என்ன வருகிறது என்று பாருங்கள், சிரிப்பீர்கள். ஸ்ரீ, மேற்கோள்குறி, அடைப்புக்குறி இவையும் அடிக்கடி சொதப்பும்.

சிப்புட்_வரைகலை

சரி, உரையை மாற்றிவிடுகிறேன். தீமில் இருக்கும் லதாவை எப்படி மாற்றுவது? டிசைன் பட்டியில் ஃபாண்ட்ஸ் போய்ப் பார்த்தேன், தலைப்புக்கு ஒன்று, உரைக்கு ஒன்று என்று ஆங்கில எழுத்துருதான் கேட்கிறது. தமிழைப் பற்றிப் பேச்சே இல்லை.

கிள்ளான்_கணினி

ஆமாம், அங்கே வராது. இரண்டு வழி.

சுலபமான வழி: வியூ பட்டியில் ஸ்லைடு மாஸ்டர் திறந்து, இடது ஓரத்தில் எல்லாவற்றுக்கும் மேலே பெரிதாக இருக்கிற மாஸ்டரில் தலைப்புப் பெட்டி, உரைப் பெட்டி இரண்டுக்கும் முக்தா மலரை நேரடியாகக் கொடுங்கள். கீழே உள்ள லேஅவுட்கள் அதைப் பின்பற்றும், ஏற்கெனவே யாராவது தனியாக மாற்றி வைத்திருந்தால் ஒழிய. அதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழி எனக்குப் பிடித்தது. புதிதாகப் பெட்டி போட்டாலும், அட்டவணை போட்டாலும், வரைபடம் போட்டாலும் தமிழ் தானாகச் சரியான எழுத்தில் வரும். முதலில் கோப்பை நகல் எடுத்துக்கொள்ளுங்கள், கட்டாயம். பிபிடிஎக்ஸ் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் கோப்புதான். 7-ஜிப் மென்பொருளால் அதைத் திறந்து, பிபிடி என்ற உறைக்குள் (ஃபோல்டர்) தீம் என்ற உறைக்குப் போனால் தீம்1 என்ற எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். நோட்பேடில் திறந்து லதா என்று தேடுங்கள். இரண்டு இடத்தில் வரும், ஒன்று தலைப்புக்கு, ஒன்று உரைக்கு. அந்தப் பெயரை மட்டும் நீக்கி உங்கள் எழுத்துருவின் பெயரை ஆங்கிலத்தில், எழுத்துருப் பட்டியலில் இருக்கிற அதே எழுத்துக்கூட்டலோடு எழுதி, சேமித்து மூடுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். விரித்தெடுத்து மறுபடி ஜிப் செய்யவும் வேண்டாம், உறைக்குள் உறை வந்துவிட்டால் பவர்பாயிண்ட் திறக்க மறுக்கும். 7-ஜிப்புக்குள்ளேயே திருத்தினால் போதும்.

டெம்ப்ளேட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட மாஸ்டர் இருந்தால் தீம்2, தீம்3 என்றும் இருக்கும். எல்லாவற்றிலும் செய்யுங்கள்.

இதை ஒரு காலி டெம்ப்ளேட்டில் ஒரே ஒரு தடவை செய்து வைத்துக்கொண்டால், இனி வருகிற தமிழ் வேலைக்கெல்லாம் அதிலிருந்து தொடங்கலாம். தமிழில் ஸ்லைடு செய்து பிழைக்கிற எல்லாரும் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான் என்பது என் கட்சி. அசைவும் அலங்காரமும் அப்புறம்.

ஜொகூர்_ஸ்லைடு

அண்ணன் சொன்னதோடு எழுத்துருவைக் கோப்புக்குள் பதிப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ், அதில் கடைசியில் எம்பெட் ஃபாண்ட்ஸ். இரண்டு தெரிவு இருக்கும். பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் பதிப்பது ஒன்று, எல்லா எழுத்தையும் பதிப்பது இன்னொன்று. உங்கள் செயலாளர் கடைசி நேரத்தில் திருத்துவார் என்றால் இரண்டாவதுதான். முதலாவதில் கோப்பு சிறியதாக இருக்கும், ஆனால் நீங்கள் பயன்படுத்தாத ஓர் எழுத்தை அவர் அடித்தால் அந்த இடம் மட்டும் வேறு முகத்தோடு நிற்கும்.

இந்தத் தெரிவு ஒவ்வொரு கோப்புக்கும் தனி. போன கோப்பில் போட்டது இந்தக் கோப்புக்கு வராது. உரிமம் அனுமதிக்காத எழுத்துரு பதியாது. போஸ்ட்ஸ்கிரிப்ட் வகை ஓடிஎஃப் எழுத்துருக்களும் தகராறு செய்யும், டிடிஎஃப் எடுங்கள். முக்தா மலர், ஹிந்த் மதுரை, காட்டமரன், நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் கூகுள் ஃபாண்ட்ஸில் திறந்த உரிமத்தோடு இலவசமாகக் கிடைக்கின்றன. என் தனிப்பட்ட கருத்து: நீளமான உரைக்கு நோட்டோ, தலைப்புக்கு முக்தா மலரின் தடித்த வகை. காட்டமரன் அழகுதான், ஆனால் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு அதன் மெல்லிய வகைகள் தெரியாது.

இன்னொன்று. ஆஃபீஸ் 2010 என்கிறீர்கள். மார்ஃப் அசைவு அங்கே வேலை செய்யாது, வெறும் ஃபேட் ஆகத்தான் வரும். ஒவ்வொரு ஸ்லைடும் அசைவில்லாமலே புரிகிற மாதிரி வையுங்கள். காணொளி இருந்தால் எம்பி4 வேண்டாம், 2010-க்கு டபிள்யூஎம்வி ஆக மாற்றிக்கொண்டு போங்கள். 2013-லிருந்துதான் எம்பி4 தொல்லையில்லாமல் ஓடுகிறது.

கூலிம்_டீச்சர்

மண்டபத்து புரொஜெக்டர் சதுரமா நீளமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள் தம்பி. பழையவை பல 4:3. நீங்கள் 16:9-இல் செய்தால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து எழுத்து சிறியதாகிவிடும். ஸ்லைடு அளவைக் கடைசியில் மாற்றினால் எல்லாமே இடம் மாறும், அதனால் இப்போதே கேளுங்கள்.

தெலுக்_இந்தான்_அச்சகம்

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எனக்கும் ஒரு சந்தேகம். இல்லஸ்ட்ரேட்டரில் தமிழ் ஒட்டினால் கொ, கோ எல்லாம் பிரிந்து போகிறது. கொம்பு முன்னால் வர வேண்டியது பின்னால் போய் நிற்கிறது. யுனிகோடுதான், பாமினி இல்லை. தலைப்புப் படங்களை அதில் செய்துதான் பவர்பாயிண்டில் வைக்கிறேன்.

ஜொகூர்_ஸ்லைடு

அக்கா, அது கம்போஸர் பிரச்சினை, அதாவது எழுத்துகளைச் சேர்த்து வரியாக அமைக்கும் பகுதி. பிரிஃபரன்ஸஸில் டைப் பகுதிக்குப் போய் ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு பாராகிராஃப் பேனலின் மெனுவில் மிடில் ஈஸ்டர்ன், சவுத் ஏஷியன் என்று பெயருள்ள கம்போஸரைப் போடுங்கள். இன்டிசைனில் அதற்கு வேர்ல்ட்-ரெடி கம்போஸர் என்று பெயர். ஏற்கெனவே அடித்த உரையைத் தேர்ந்தெடுத்து மாற்ற வேண்டும், சும்மா மாற்றினால் இனி அடிக்கப்போவதற்கு மட்டும்தான்.

பவர்பாயிண்டுக்குக் கொண்டு போகும்போது எழுத்தை அவுட்லைன் ஆக்கி எஸ்விஜி ஆக ஏற்றுமதி செய்யுங்கள். புதிய பவர்பாயிண்ட் எஸ்விஜியோடு ஒரு பிஎன்ஜி நகலையும் கோப்புக்குள் வைத்துக்கொள்கிறது, அதனால் பழைய பதிப்பில் திறந்தாலும் படம் காணாமல் போகாது.

தெலுக்_இந்தான்_அச்சகம்

சரியாகிவிட்டது! நன்றி தம்பி. இத்தனை நாள் ஃபோட்டோஷாப்பில் அடித்துப் படமாக்கிக் கொண்டிருந்தோம்.

சிப்புட்_வரைகலை

எல்லாருக்கும் நன்றி. இன்று மாலை மறுபடி மண்டபத்தில் போட்டுப் பார்த்தேன். தீமில் லதாவை எடுத்துவிட்டு முக்தா மலர் போட்டேன், எல்லா எழுத்தையும் பதித்தேன். தலைப்புகள் ஒரே வரியில் நிற்கின்றன. வரலாற்று ஸ்லைடுகளை யுனிகோடாக்கியாயிற்று. பெர்ஹாட் விஷயம் அண்ணன் சொன்ன மாதிரியேதான், இரண்டு மூன்று இடத்தில் பிடித்தேன். புரொஜெக்டர் 4:3தான் டீச்சர், கேட்டது நல்லதாகப் போயிற்று.

ஒன்று மட்டும் மிச்சம். பெரிய தலைப்புகளில் எழுத்து மை ஊறியது போலத் தடித்து, ண, ன, ணை சுழிகளெல்லாம் அடைபட்டுத் தெரிகின்றன. இரண்டு கணினியிலும் அப்படித்தான்.

கிள்ளான்_கணினி

எழுத்துருப் பெயர் முக்தா மலர் எக்ஸ்ட்ராபோல்டு என்று இருக்கிறதா? அதற்கு மேலும் பி பட்டனை அழுத்தியிருக்கிறது. அந்த வகைக்கு மேல் தடித்த வகை கிடையாது, அதனால் பவர்பாயிண்ட் தானே செயற்கையாகத் தடிக்கவைக்கிறது. ஆங்கிலத்தில் பெரிதாகத் தெரியாது, தமிழ்ச் சுழியில் உடனே தெரியும். டெம்ப்ளேட்டின் தலைப்புப் பாணியிலேயே போல்டு இருந்திருக்கும். மாஸ்டரில் போய் பி-யை எடுத்துவிடுங்கள்.

சிப்புட்_வரைகலை

மாஸ்டரில்தான் இருந்தது அண்ணே. எடுத்துவிட்டேன், சுழிகள் திறந்துவிட்டன. அப்படியே ஒரு சந்தேகம்: சங்கத் தலைவர் மேக்புக் வைத்திருக்கிறார், அதில் திறந்தால்?

கிள்ளான்_கணினி

மேக்கில் பவர்பாயிண்ட் 2019 அல்லது 365 என்றால் பதித்த எழுத்துருவைப் படிக்கும். அதற்கு முந்தியது என்றால் மேக்கோடு வருகிற தமிழ் எழுத்துருவில் காட்டும், தமிழ் எம்என் அல்லது தமிழ் சங்கம் எம்என். படிக்க நன்றாகவே இருக்கும், வரி மட்டும் கொஞ்சம் நகரலாம். எம்என் என்றால் அவற்றை உருவாக்கிய முத்து நெடுமாறன், நம் கேரித் தீவுக்காரர்தான்.

நோட்டோவையும் எடுத்து வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், கூகுளிலிருந்து இறக்கும் ஜிப்பில் ஸ்டாட்டிக் என்று ஓர் உறை இருக்கும், அதில் உள்ளவற்றை மட்டும் நிறுவுங்கள். வெளியே இருக்கும் வேரியபிள் எழுத்துருவோடு (எல்லாத் தடிமனும் ஒரே கோப்பில் இருப்பது) பவர்பாயிண்ட் ஒத்துப்போகாது.