தொப்பூர் ஏற்றத்தில் இழுவை குறையும் டீசல் கார்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். தர்மபுரியில் வசிக்கிறேன். என்னுடைய டர்போ டீசல் கார் சமதளத்தில் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் சேலத்திலிருந்து திரும்பும்போது, தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் முன்னால் செல்லும் லாரியை முந்துவதற்காக ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால், இழுவை சட்டெனக் குறைந்து, எஞ்சின் 3,000 ஆர்பிஎம்மைத் தாண்ட மறுக்கிறது. ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது. அடுத்த ஏற்றத்தில் மீண்டும் அதே கதைதான்.

ஸ்கேனரில் பி0299, அதாவது டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) தரும் அழுத்தம் போதவில்லை என்ற பிழைக் குறியீடு வந்தது. டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் இரண்டையும் மாற்றியாயிற்று. கரும்புகை இல்லை, இன்டர்கூலர் ஹோஸ்களிலும் வெடிப்பு தெரியவில்லை. டர்போவையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். ஆனால் டர்போவை இயக்கும் வேக்குவம் (காற்றை உறிஞ்சி இழுக்கும் விசை) வரும் மெல்லிய குழாயில் விரிசல் விட்டாலும், டர்போவுக்குள் இருக்கும் வேன்கள் (காற்றோட்டத்தைத் திருப்பும் சிறு தகடுகள்) கரி படிந்து இறுகினாலும் இதே குறியீடு வரக்கூடும் என்பதால், அவற்றைச் சோதிக்காமல் அவ்வளவு பெரிய செலவில் இறங்க எனக்கு மனம் ஒப்பவில்லை. எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் வேக்குவத்தால் முழுதாக உள்ளிழுக்கப்பட வேண்டிய, வேன்களை அசைக்கும் ஆக்சுவேட்டர் கம்பி, பாதியிலேயே திக்கி நிற்பதையும் கண்ணால் பார்த்தேன்.

இது வேக்குவம் குறைவா, வேன்களின் இறுக்கமா என்பதை டர்போவைக் கழற்றாமல் பிரித்தறிவது எப்படி? வேக்குவம் கேஜ் வைத்துப் பொறுமையாகச் சோதிக்கும் ஒர்க்‌ஷாப் தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ இருந்தால் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.