டோகாவிலிருந்து ஊருக்கு வேலைக்குத் திரும்புகிறேன்: காரையும் கொண்டுவர முடியுமா?

களுவாஞ்சிக்குடியான்:
வணக்கம். ஒன்பது வருடம் கட்டாரில் இருந்துவிட்டு, மட்டக்களப்பில் கிடைத்த வேலையை ஒக்டோபர் முதலாம் திகதி பொறுப்பேற்க வருகிறேன். இங்கு ஓட்டும் காரைக் கப்பலில் ஏற்ற விரும்புகிறேன். சுங்கத்தில் எவ்வளவு கட்ட வேண்டும்? வருமான வரியும் உண்டா? இம்மாத இறுதிக்குள் கப்பல் முகவருக்குப் பதில் சொல்ல வேண்டும், தயவுசெய்து உதவுங்கள்.

கல்முனை நானா:
தம்பி, கார் எந்த ஆண்டுத் தயாரிப்பு? எஞ்சின் எத்தனை சீசீ? பெற்றோலா, ஹைபிரிட்டா? இவை தெரியாமல் தொகை சொல்ல இயலாது.

ஏறாவூர் வாசகன்:
வீட்டுச் சாமான்களுடன் ஒரே கொள்கலனில் போட்டால் காரும் பயணப் பொதியாகவே கணக்கிடப்படும். என் மாமா குளிர்சாதனப் பெட்டியையும் தையல் இயந்திரத்தையும் அப்படித்தான் கொண்டுவந்தார்.

துறைமுகத்து மூத்தவர்:
இதற்கு நான் பலமுறை விளக்கம் எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்காமல் கேட்பதும், தெரியாமல் பதில் சொல்வதும் இளையவர்களுக்கு வழக்கமாகிவிட்டன. குளிர்சாதனப் பெட்டி வேறு, கார் வேறு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டபோது, பாவித்த கார் மூன்று வருடத்துக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்தே வந்தது. பெற்றோல் கார்களுக்கான உற்பத்தி வரி, காரின் விலையைப் பாராமல் சீசீ கணக்கில் விதிக்கப்படுவதால், பாவித்துத் தேய்ந்த கார் என்பதற்காக அது குறைந்துவிடாது. அதற்குமேல் இறக்குமதித் தீர்வையும் 18 சதவீத வற் வரியும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் முதல், கட்டாரில் வீதியின் வலப்பக்கமாக ஓட்டுவதால் அங்குள்ள கார்களுக்கு ஸ்டேரிங் இடப்பக்கம் இருக்கும். அவ்வாறான காரை இங்கே பதிவு செய்ய விடமாட்டார்கள். உங்களுடையது எந்தப் பக்கம்?

அக்கரைப்பற்று கராஜ்:
ஸ்டேரிங்கை வலப்பக்கம் மாற்றலாம், ஐயா. வேலை கடினம், ஆனால் முடியாததல்ல.

துறைமுகத்து மூத்தவர்:
மாற்றினாலும் தயாரிப்பு ஆண்டு மாறாது. அவரை வீண் செலவில் தள்ளாதீர்கள்.

மட்டுநகர் கணக்கு:
வருமான வரியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். வரி ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. 183 நாள் இங்கே இருந்தால்தான் வதிவாளர், அதாவது வரிக்கு இந்நாட்டில் வசிப்பவராகக் கணக்கிடப்படுபவர். ஒக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை 182 நாட்களே வருவதால், இந்த ஆண்டு அவர் வதிவாளர் அல்லர்.

கல்முனை நானா:
ஜனவரியிலிருந்தல்லவா எண்ண வேண்டும்?

திருக்கோவில் ஆசிரியை:
இருவர் சொல்வதும் சரியல்ல. 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, அந்த வரி ஆண்டுக்குள் தொடங்கும் அல்லது முடியும் எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 183 நாள் சேர்ந்தால் போதும். ஒக்டோபரில் வந்து தொடர்ந்து தங்குபவர் வதிவாளரே. மேலும், மட்டக்களப்பில் உழைக்கும் சம்பளம் இலங்கை வருமானம் என்பதால் அதற்கு இந்த எண்ணிக்கையே தேவையில்லை. 2025 ஏப்ரல் முதல், மாதம் 150,000 ரூபாவுக்கு மேற்பட்டால் நிறுவனமே வரியைக் கழித்துக்கொள்ளும். கட்டாரில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லாததால், இங்கே முதல் மாதச் சம்பளச் சிட்டையைப் பார்த்து நீங்கள் திகைக்கக்கூடும், தம்பி. வேலைக் கடிதத்திலுள்ள தொகை வரி கழிக்கும் முன்னரானதா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

மட்டுநகர் கணக்கு:
சட்டத்தை மீண்டும் வாசித்தேன். ஆசிரியை சொன்னதே சரி.

களுவாஞ்சிக்குடியான்:
கார் 2021 தயாரிப்பு, ஸ்டேரிங் இடப்பக்கம். கப்பல் முகவரிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டேன், இங்கேயே விற்கிறேன். சம்பளத் தொகையைப் பற்றி நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.