கற்பூரவள்ளி: அப்பத்தா முதலில் காதை வைப்பாள், அப்புறம்தான் இலை

மழை விட்ட பாடில்லை. வீட்டில் ஆளாளுக்கு இருமல். தொட்டியில் கற்பூரவள்ளி மட்டும் தளதளவென்று நிற்கிறது. உங்கள் வீடுகளில் இதை எப்படிக் கொடுத்தார்கள் என்று கேட்க ஆசை. முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர். துவைக்கிற கல்லை ஒட்டி ஒரு புதர் மாதிரி படர்ந்து கிடக்கும். சோறு வடித்த பிறகு அடுப்பில் கங்கு இருக்கும் இல்லையா, அந்த அனலில் அப்பத்தா இலையைக் காட்டுவாள். கருக விடமாட்டாள். தடித்த இலை துவண்டு, பச்சை மங்கி, மேலே வேர்த்த மாதிரி ஆனதும் உள்ளங்கையில் வைத்துப் பிழிவாள். நாலைந்து இலைக்கு ஒரு சின்னக் கரண்டிச் சாறு தேறும். இரண்டு சொட்டுத் தேன் விட்டு நாக்கில் தடவினால் முதலில் காரம், அப்புறம் தொண்டையெல்லாம் கதகதப்பு. கைக்குழந்தைக்கு உள்ளுக்குத் தரவே மாட்டாள்.

எனக்கு நன்றாக நினைவில் இருப்பது, பறிப்பதற்கு முன்னால் அவள் செய்வது. சட்டையைத் தூக்கிவிட்டு முதுகில் காதை வைப்பாள். சத்தம் காட்டாமல் கொஞ்ச நேரம் கேட்பாள். பிறகு வயிற்றைப் பார்ப்பாள். அதற்கப்புறம்தான் செடிக்குப் போவாள்.

தம்பிக்கு இரண்டு வயது இருக்கும்போது ஒரு மார்கழியில் மூன்று நாள் இருமல். இரண்டு நாள் சாறு கொடுத்தாள். மூன்றாம் நாள் காலையில் காதை வைத்தவள் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். ஒவ்வொரு மூச்சுக்கும் அவனுக்கு விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. “இன்னொரு தடவை இலையைப் பிழிஞ்சு பாருங்க ஆத்தா” என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். “இது இலைக்கு அடங்காது, பஸ்ஸுக்குக் காசு எடு” என்று அம்மாவிடம் சொன்னாள். நிமோனியா. ஆக்சிஜன் வைத்தார்கள். ஒரு வாரம் கழித்துத் தம்பி தானே நடந்து வீட்டுக்குள் வந்தான்.

கைவைத்தியம் என்றாலே ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்கம் என்று சிலர் பேசும்போது எனக்கு மனசு வலிக்கும். அவர்கள் என் அப்பத்தாவைப் பார்த்ததில்லை.

நாகர்கோவிலிலிருந்து

அக்கா, எங்க பக்கம் இதைப் பனிக்கூர்க்கைன்னும் சொல்லுவாங்க. மலையாளத்துல பனின்னா காய்ச்சல். எங்க அம்மை குழந்தையைக் குளிப்பாட்டித் தலை துவட்டினதும், வாட்டின இலை ஒண்ணை உச்சந்தலையில வச்சுக் கொஞ்ச நேரம் கழிச்சு எடுப்பாங்க. என் ரெண்டு பிள்ளைகளுக்கும் அப்படித்தான் செஞ்சாங்க. நீர் கோக்காதுன்னு அம்மைக்கு நம்பிக்கை. எனக்கு அந்த மணம் போதும். இப்பவும் இலையைக் கசக்கினா பிரசவத்துக்கு வந்து படுத்திருந்த அந்த அறை ஞாபகம் வருது.

சென்னையிலிருந்து

தயவுசெய்து ஒன்றைக் கவனியுங்கள். கற்பூரவள்ளி போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரை ஆவி பிடிக்க வைத்திருந்தோம். நாலு வயது மகன் போர்வையை இழுத்தான், பாத்திரம் கவிழ்ந்தது. தொடையில் தழும்பு இன்னும் இருக்கிறது. இலையின் மேல் குற்றமில்லை. சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் கொதிக்கிற பாத்திரத்தைத் தரையில் வைத்தது எங்கள் தவறு. இப்போது அவனுக்கு ஆவி கிடையாது, ரசத்தில் கிள்ளிப் போடுவதோடு சரி.

யாழ்ப்பாணத்திலிருந்து

எங்கட வீட்டிலை கிணத்தடியிலைதான் நிண்டது. அம்மம்மா கற்பூரவள்ளியும் கொத்தமல்லியும் போட்டு அவிச்சு, பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு குடிக்கச் சொல்லுவா. இடம்பெயர்ந்து போன இடத்திலையும் ஒரு கொப்பை முறிச்சுக்கொண்டு வந்து நட்டவ. வேரில்லாமலே பிடிச்சிட்டுது.

கோயம்புத்தூரிலிருந்து, மாடித்தோட்டக்காரர்

வேரில்லாமல் பிடிப்பதுதான் இதன் அருமை. நாலு விரல் நீளத் தண்டு போதும். ஆனால் தண்ணீர் தேங்கினால் தண்டு அழுகிவிடும். மண் காய்ந்த பிறகு ஊற்றுங்கள், அரை நிழல் இருந்தால் இலை பெரிதாக வரும். மாவுப்பூச்சி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். மருந்துக்குப் பறிக்கும் செடிக்குப் பூச்சிக்கொல்லி அடிக்க வேண்டாம். நர்சரியில் என்ன அடித்திருப்பார்களோ, அதனால் வாங்கி வந்த செடியின் பழைய இலைகளை நான் பயன்படுத்துவதில்லை. புதுத் துளிர் வந்து முற்றிய பிறகுதான் சமையலறைக்குப் போகும். கடையில் கேட்கும்போது செடி என்று சேர்த்துச் சொல்லுங்கள். வெறுமனே கற்பூரவள்ளி என்றதற்கு எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்துக் கொடுத்தார்கள்!

பெங்களூரிலிருந்து

இங்கே தொட்டபத்ரே. பக்கத்து வீட்டு அம்மா சொல்லிக்கொடுத்த தம்புளி எங்கள் வீட்டில் வாரம் ஒருமுறை உண்டு. இலையை நெய்யில் சீரகம், மிளகோடு வதக்கித் தேங்காய் சேர்த்து அரைத்து, மோரில் கலந்து சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவது. பஜ்ஜி மட்டுமே தெரிந்தவர்கள் கட்டாயம் செய்து பாருங்கள். ஒரு சந்தேகம், ஓமம் இந்தச் செடியின் விதையா? ஓமவள்ளி என்றும் சொல்கிறார்களே?

முதலில் எழுதியவர்

இல்லைம்மா. ஓமம் மல்லி, சீரகம் குடும்பத்துச் செடி. கற்பூரவள்ளி துளசி, புதினா குடும்பம். இரண்டிலும் தைமால் என்ற மணப்பொருள் இருப்பதால் வாசனை ஒத்துப்போகிறது. பெயரும் அதனால்தான் ஒட்டிக்கொண்டது.

சென்னைக்காரர் எழுதியதைப் படித்ததும் என் தவறையும் சொல்லத் தோன்றியது. என் மகளுக்குப் பத்து மாதத்தில் சாற்றோடு தேன் கொடுத்துவிட்டேன். அப்பத்தா கைக்குழந்தைகளுக்குத் தரமாட்டாள் என்று தெரிந்தும் அவசரத்தில் செய்தேன். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் டாக்டர் கடுமையாகக் கண்டித்தார். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து, ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும், உடம்பே தளர்ந்து மூச்சு முட்டும் என்றார்.

அன்று அங்கிருந்த நர்ஸ் அக்கா சொல்லிக்கொடுத்ததை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். குழந்தை அழாமல் இருக்கும்போது, கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். பிறந்து 2 மாதத்துக்குள் என்றால் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ, நெஞ்சுக்குக் கீழே குழி விழுந்தாலோ உடனே கிளம்ப வேண்டும். பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால் எண்ணிக்கொண்டிருக்கவும் கூடாது. அப்பத்தாவுக்கு எண் தெரியாது, குழி தெரியும்.

போன வாரம் தம்பி போன் செய்தான். அவன் மகளுக்கு மூன்று வயது.

“அக்கா, பாப்பாவுக்கு இருமல். இலை பறிக்கவா?”

“எண்ணினியா?”

“தூங்குறா. இரு.” கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “இருபத்தெட்டு. குழி விழலை. சாயங்காலம் விளையாடினா, சோறும் சாப்பிட்டா.”

“சரி, எழுந்ததும் ரெண்டு இலை வாட்டு. கருக விட்டுடாதே.”