அம்மா கேட்ட ‘டேப்’ (tap): உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

சிப்புட் மகன்:
போன மாதம் அம்மாவோடு சுங்கை சிப்புட் டவுன் மருந்துக்கடையில் நின்றேன். கல்லாவில் இருந்த பெண் கார்டு மெஷினை நீட்டி, "ஆன்டி, டேப்" என்றாள். அம்மா கார்டை மெஷினின் இடது மேல் ஓரத்தில் வைத்து, வலப்பக்கம் சரித்துக் கீழே இழுத்தார். ஒரே சீராக. முப்பது வருஷம் ரப்பர் மரம் சீவ உளி பிடித்த கை. பின்னால் ஆள் நிற்கிறதே என்று வெடுக்கென்று பிடுங்கி நானே வைத்தேன். காரில் ஏறியதும் கேட்டார்: "தோட்டத்து செக்ரோல் பதிவேட்டுல நம்மள டேப்பர்னுதானே எழுதுவாங்க? அப்ப டேப்புன்னா சீவுறதுதானே?" பதில் சொல்லாமல் ரேடியோவைப் போட்டுவிட்டேன்.

லயத்துப் பிள்ளை:
தம்பி, 1979இல் புகுமுக வகுப்பில் அதே சொல்லில் நானும் அடிபட்டேன். வாக்கியம் அமைக்கச் சொன்னார்கள். என் அம்மா தினமும் 500 மரம் ‘டேப்’ செய்கிறார் என்று எழுதினேன். டீச்சர் சிவப்பு மையால் அடித்துவிட்டு, மரத்தை எதற்குத் தட்ட வேண்டும் என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. காலையில் அம்மாவுக்கு, மரத்தில் உறைந்துபோன ஒட்டுப்பால் பொறுக்கிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அந்த வாடை கையில் இருக்கிறதோ என்று கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
டீச்சர் செய்தது தப்பு. ஆனால் "அதே சொல்" என்கிறீர்களே, அது சரியில்லை. எழுத்து ஒன்று, சொல் இரண்டு. ஒன்று பழைய ஆங்கிலத்தில் பீப்பாயின் துளையை அடைக்கும் கட்டையைக் குறித்தது. தண்ணீர்க் குழாய், மரத்தில் பால் எடுப்பது, போனை ஒட்டுக்கேட்பது எல்லாம் அந்த வழியில் வந்தவை. உள்ளே இருப்பதை வெளியே வரவைப்பது. மற்றது பிரெஞ்சிலிருந்து வந்தது, லேசாகத் தட்டுவது. கதவு, தோள், இப்போது கார்டு. நானும் ஒரு தோட்டத்துப் பையனை இப்படித் திருத்தியிருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன். தம்பி, அம்மாவை வீட்டிலேயே பழக்குங்கள். கார்டை மெஷினுக்கு மேலே காட்டி, சத்தம் வரும்வரை அசைக்காமல் வைத்தால் போதும். 250 ரிங்கிட்டைத் தாண்டினால் பின் நம்பர் கேட்கும், அதையும் சொல்லிக்கொடுங்கள். கார்டைக் கடைக்காரர் கையில் கொடுக்க வேண்டாம். ரசீதைப் பார்த்துவிட்டு நகரச் சொல்லுங்கள்.

பழைய வெட்டுக்காரன்:
ஐயா, பீப்பாய்க் கணக்கு மரத்துக்குச் சரிவராது. துளையா போடுகிறோம்? பிரேசிலில் கோடாலியால் கொத்தினார்கள். 1890களில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் தலைவர் ரிட்லிதான் பட்டையை மெல்லிசாகச் சீவி, அதே வெட்டை மறுபடி மறுபடி திறக்கும் முறையைக் காட்டினார். விடியுமுன் போவதும் வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும் என்பதால்தான். வேலைக்குப் போன முதல் வாரம் என் உளி கட்டை வரை இறங்கிவிட்டது. கங்காணி திட்டவில்லை. என் விரலைப் பிடித்து அந்தக் காயத்தின் மேல் வைத்தார். அம்மா சொன்ன ‘சீவுறது’தான் சரியான சொல்.

பாகாவ் மகள்:
அப்பாவுக்கு ஈரல் கெட்டு வயிறு வீங்கியிருந்தது. டாக்டர் ஒரு விரலை வயிற்றில் வைத்து, இன்னொரு விரலால் அதன் மேல் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு தண்ணீரை ‘டேப்’ செய்ய வேண்டும் என்றார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறக்குமுன் அப்பா தலையாட்டிவிட்டார். ஊசி இறங்கி, குழாய் வழியாகச் சொட்ட ஆரம்பித்தது. அப்பா கட்டிலின் பக்கவாட்டில் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நல்லா ஓடுது" என்றார்.

சிப்புட் மகன்:
நேற்று ராத்திரி அம்மாவிடம் சொன்னேன், ‘டேப்’ என்றால் சீவுறதுதான், கடையில் அந்தப் பெண் சொன்னது வேறு சொல் என்று. "அதான் கேட்டேன்" என்றார்.