டிரில் மெஷினில் ஸ்க்ரூ தலை தேய்கிறது, பெயின்ட் கலக்கினால் மெஷின் சுடுகிறது

கேள்வி:
13 மி.மீ. சக் (பிட்டைப் பிடிக்கும் வாய்) உள்ள வயர் டிரில். ஹாமர், ரிவர்ஸ், டிரிகரில் வேகக் கட்டுப்பாடு எல்லாம் உண்டு. சுவரில் ஓட்டை நன்றாகவே போடுகிறது. மரத்தில் ஸ்க்ரூ முடுக்கினால்தான் தலை தேய்ந்துபோகிறது. பெயின்ட் கலக்கினால் தெறிக்கிறது, கொஞ்ச நேரத்தில் கருகல் வாசனையும் வருகிறது. பாத்ரூம் டைல்ஸ் தேய்க்கவும் இதையே பயன்படுத்தலாமா?

பதில் 1:
முதலில் ஹாமரை அணைத்துவிடுங்கள். அந்த அதிர்விலேயே பிட் பள்ளத்தை விட்டு எகிறும். அடுத்து பிட் அளவு. 4 மி.மீ. நட்சத்திரத் தலை (கூட்டல் குறிப் பள்ளம்) ஸ்க்ரூவுக்குப் பெரும்பாலும் பி.எச்.2 (பிலிப்ஸ் 2-ஆம் அளவு) பிட்தான்; சின்ன பிட் போட்டால் பள்ளத்தின் ஓரத்தை மட்டும் பிடித்துச் சுரண்டும். கடின மரம் என்றால் 3 மி.மீ. பிட்டால் முன்கூட்டியே ஓட்டை போட்டுவிட்டு, ஸ்க்ரூ மரையில் கொஞ்சம் சோப்பு தடவுங்கள். மெஷினை நேராகப் பிடித்து நன்றாக அழுத்துங்கள், டிரிகரை லேசாகத் தொடுங்கள். வயர் டிரில்லில் பொதுவாக கிளட்ச் (இறுக்கம் கூடினால் சுற்றை விடுவிக்கும் அமைப்பு) இருக்காது, ஸ்க்ரூ இறங்கி முடிந்ததும் அது தானாக நிற்காது. அதனால் கடைசி இரண்டு சுற்றைக் கை ஸ்க்ரூடிரைவரால் முடுக்குவதே நல்லது.

பதில் 2:
சூட்டுக்குக் காரணம் மோட்டார் விசிறி. அது மோட்டார் தண்டிலேயே இருப்பதால், மெதுவாக ஓட்டினால் காற்றும் குறையும். பெயின்ட் கெட்டியாக இருந்தால் சுமையும் கூடும். 4 லிட்டர் வரை, சிறிய கலக்கியால், அரை நிமிடம் ஓட்டி நிறுத்தி நிறுத்திக் கலக்குங்கள். அடியில் படிந்ததை முதலில் குச்சியால் கிளறிவிட்டால் பாதிச் சுமை போய்விடும். கலக்கி முழுவதும் மூழ்கிய பிறகே டிரிகரை அழுத்துங்கள், சுற்று நின்ற பிறகே வெளியே எடுங்கள், தெறிக்காது. சுவர் புட்டியை மட்டும் இதில் கலக்கவே வேண்டாம், காயில் கருகிவிடும்.

கேட்டவர்:
சூடானால் அணைத்து ஆற வைத்தால் போதுமா?

பதில் 3:
அதைவிட, சுமை இல்லாமல் முழு வேகத்தில் ஒரு நிமிடம் சும்மா ஓட விடுங்கள். விசிறியே சூட்டை வெளியே தள்ளிவிடும். புகை வந்தால் மட்டும் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள்.

டைல்ஸ் விஷயத்தில் வயர் டிரில் கூடவே கூடாது. காற்றுத் துளை வழியே தண்ணீர் உள்ளே போனால் ஷாக் அடிக்கும். பேட்டரி டிரில் இருந்தால், நைலான் பிரஷ் மாட்டி, குறைந்த கியரில், ஈரத்தைத் துளியளவில் வைத்துத் தேய்க்கலாம். கம்பி பிரஷ் பளபளப்பைக் கீறிவிடும், அது துருப்பிடித்த கேட்டுக்குத்தான். கேட்டுக்கு உங்கள் வயர் டிரில்லே போதும்: பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள், பிரஷ் மேல் அச்சிட்ட ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) வரம்பு மெஷின் வேகத்தைவிட அதிகமா என்று பாருங்கள், சக் சாவியை மூன்று துளையிலும் போட்டு இறுக்குங்கள்.