மினிவேனின் எஞ்சின் அடிக்கவசம்: அசல் பிளாஸ்டிக்கா, அலுமினியமா, எதுவுமே வேண்டாமா?

நடுவரிசை எழுதியது:

எங்கள் மினிவேனின் எஞ்சினுக்கு அடியில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் கவசம் இருக்கிறது. பாகப் பட்டியல்களில் ஸ்பிளாஷ் ஷீல்டு என்று போட்டிருக்கிறார்கள். அது முன்பக்கம் கிழிந்து தொங்குகிறது. வேகம் கூடினால் படபடவென்று அடிக்கிறது. விசாரித்த இடங்களில் ஆளுக்கொரு பதில். ஒருவர் கழற்றி எறியச் சொல்கிறார். இன்னொருவர் அலுமினியத் தகடுதான் நிரந்தரத் தீர்வு என்கிறார். அசல் பாகத்தின் விலை மலைக்க வைக்கிறது. அதே உருவத்தில் வேறு தயாரிப்பு மிக மலிவாகக் கிடைக்கிறது. நாங்கள் ஓட்டுவது தார்ச்சாலையில்தான், மழையிலும் ஓட்டுவோம். வி6 எஞ்சின் (ஆறு சிலிண்டர்), முன்சக்கர இயக்கம். எதைப் போடுவது?

பழைய பானா எழுதியது:

கழற்றி எறியச் சொன்னவர்தான் உங்கள் பணத்தைப் பற்றி யோசித்தவர். அந்தத் தட்டு இல்லாமல் எத்தனையோ தலைமுறை வண்டிகள் மழையிலும் சேற்றிலும் ஓடியிருக்கின்றன. தட்டு இருந்தால் ஆயில் கசிவது தெரியாது. சொட்டுச் சொட்டாகத் தட்டிலேயே தேங்கி, அளவு குறைந்த பிறகுதான் தெரியவரும். ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் அதைக் கழற்ற வேண்டும், நாலு கிளிப் உடையும், மூன்றுதான் திரும்ப மாட்டப்படும். காற்றோட்டமும் தடைபடுகிறது. எடுத்துவிட்டால் எஞ்சின் இன்னும் நன்றாகக் குளிரும்.

மழைச்சாலை எழுதியது:

ஐயா, கடைசி வரியோடு உடன்பட முடியவில்லை. ரேடியேட்டர் வழியாகக் காற்று போக வேண்டுமானால் முன்னால் அழுத்தம் அதிகமாகவும் பின்னால் குறைவாகவும் இருக்க வேண்டும். அடிக்கவசம் இல்லாதபோது, பம்பருக்குக் கீழே பாயும் காற்று எஞ்சின் அறைக்குள் ஏறிப் பின்பக்க அழுத்தத்தைக் கூட்டிவிடும். ரேடியேட்டரைத் தாண்ட வேண்டிய காற்று குறையும். எல்லா வண்டியிலும் உடனே வெப்பமுள் ஏறிவிடும் என்று சொல்லவில்லை. நெரிசலில் நிற்கும்போது மின்விசிறிதான் வேலை செய்கிறது, அங்கே வித்தியாசம் தெரியாது. ஆனால் வண்டி முழு பாரத்தோடு, ஏசியையும் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறும்போது இந்தக் கணக்குக்கு மதிப்பு உண்டு. கவசத்தைக் கழற்றினால் எஞ்சின் நன்றாகக் குளிரும் என்பது நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கு வேண்டுமானால் பொருந்தும்.

அடுத்தது பழைய வண்டி ஒப்பீடு. மினிவேன்களில் எஞ்சின் குறுக்காக அமர்ந்திருக்கிறது. அதனால் எஞ்சின் சுழற்றும் கிராங்க் புல்லியும், அது ஓட்டும் பெல்ட்டும் முன்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே வருகின்றன. சக்கரம் வாரி இறைக்கும் தண்ணீர் நேராக அங்கேதான் போகும். பெல்ட் நனைந்து வழுக்கினால் கிறீச்சிடும், பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் சரியாகச் சுழலாது. ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் திருப்பத்தின் நடுவே ஸ்டியரிங் திடீரென்று கனக்கும். ஒரு சிறு கல் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் சிக்கினால் பெல்ட்டே கழன்றுவிடும். வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் ஓடினால் வண்டியை அங்கேயே நிறுத்த வேண்டியதுதான்.

பழைய பானா எழுதியது:

நீங்கள் சொல்வது சக்கர வளைவுக்குள் இருக்கும் பக்கக் கவசத்தின் வேலை. கேட்டவர் கேட்டது அடித்தட்டைப் பற்றி.

மழைச்சாலை எழுதியது:

பல வண்டிகளில் பக்கக் கவசத்தின் கீழ் ஓரமும் அடித்தட்டும் ஒரே போல்ட்டில் பிணைந்திருக்கின்றன. அடித்தட்டை எடுத்தால் பக்கக் கவசம் ஆடத் தொடங்கும். பிறகு அது டயரில் உரசும். ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் மற்றொன்று நிற்கிறது.

தகடு மன்னன் எழுதியது:

இரண்டு பேரும் பிளாஸ்டிக்கைச் சுற்றியே சண்டை போடுகிறீர்கள். பிளாஸ்டிக் கிழிந்ததால்தானே இந்தக் கேள்வியே வந்தது? மினிவேனின் முன்பக்கம் தாழ்வு. வாகன நிறுத்தத்தின் தடுப்புக்கல்லிலும் வேகத்தடையிலும் உரசிக்கொண்டேதான் இருக்கும். மூன்று மில்லிமீட்டர் அலுமினியத் தகடு போடுங்கள், வண்டி இருக்கும்வரை இருக்கும். எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் கலமான ஆயில் பேனுக்கும் பாதுகாப்பு. துருப்பிடிக்காது. கிழிந்த பிளாஸ்டிக்குக்குப் பதில் மறுபடியும் பிளாஸ்டிக்கே வாங்குவது எந்த ஊர்ச் சிக்கனம்?

கிளிப் கணக்கர் எழுதியது:

நடுவரிசை, யாருடைய பேச்சையும் கேட்கும் முன் ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். கவசம் எங்கே கிழிந்திருக்கிறது? நடுவில் உடைந்திருக்கிறதா, போல்ட் துளைகளில் கிழிந்திருக்கிறதா? முன் ஓரத்தில் எல்லா போல்ட்டும் இருக்கின்றனவா?

நடுவரிசை எழுதியது:

படுத்துப் பார்த்தேன். நடுப்பகுதி நன்றாக இருக்கிறது. கீறல்கள் மட்டும் உண்டு. முன்வரிசைத் துளைகள் எல்லாம் கிழிந்திருக்கின்றன. இடது ஓரத்தில் இரண்டு துளைகள் மட்டும் முழுசாக இருக்கின்றன, ஆனால் அங்கே போல்ட்டைக் காணவில்லை.

கிளிப் கணக்கர் எழுதியது:

அப்படியானால் தரை உங்கள் கவசத்தைக் கிழிக்கவில்லை. காற்று கிழித்திருக்கிறது. கல்லில் மோதி உடைந்திருந்தால் நடுவில் விரிசலோ ஓட்டையோ இருக்கும். முழுசாக இருக்கும் துளைகளில் போல்ட் இல்லை என்றால், யாரோ கழற்றியவர் திரும்ப மாட்டவில்லை என்று பொருள். முன் ஓரத்தில் இரண்டு போல்ட் குறைந்தால் போதும். அந்த இடைவெளியில் காற்று புகுந்து தட்டைக் கீழ்நோக்கித் தள்ளும், அடுத்த போல்ட்டின் துளை கிழியும், பிறகு அதற்கு அடுத்தது. காற்றின் விசை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். மணிக்கு 50 கிலோமீட்டரில் இருப்பதைப்போல நான்கு மடங்கு விசை 100-இல். நகரத்துக்குள் ஓட்டும்வரை ஒன்றும் தெரியாமல் இருந்து, நெடுஞ்சாலையில் ஏறியதும் பிய்வது இதனால்தான்.

ஆகவே பிளாஸ்டிக்கா அலுமினியமா என்று முதலில் கேட்பதே வீண். எதை வாங்கினாலும் முன் ஓரம் சரியாக உட்கார வேண்டும். எல்லாத் துளைகளும் வண்டியின் துளைகளோடு பொருந்த வேண்டும்.

தகடு மன்னன் எழுதியது:

அலுமினியமாக இருந்திருந்தால் இரண்டு போல்ட் இல்லாவிட்டாலும் துளை கிழிந்திருக்காது. என் வாதம் இன்னும் நிற்கிறது.

கிளிப் கணக்கர் எழுதியது:

துளை கிழியாது, உண்மை. அப்போது எது விட்டுக்கொடுக்கும்? எடையைப் பாருங்கள். ஒரு மீட்டர் நீளம், 80 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மில்லிமீட்டர் கனத்தில், இந்தக் கவசங்களின் வழக்கமான பிளாஸ்டிக்கான பாலிப்ரொப்பிலீன் தட்டு சுமார் 2 கிலோ. அதே கனத்தில் அலுமினியம் ஆறரைக் கிலோ. இரண்டு மில்லிமீட்டர் எஃகு என்றால் பன்னிரண்டரைக் கிலோ. இரண்டு கிலோத் தட்டைத் தாங்குவதற்கென்று போட்ட மெல்லிய கிளிப்பிலும் எம்6 (ஆறு மில்லிமீட்டர்) போல்ட்டிலும் இதைத் தொங்கவிட்டால், ஆட்டத்தில் அவை தளரும். நல்ல தகட்டுத் தொகுப்புகள் எஞ்சினுக்கு அடியில் இருக்கும் எஃகுச் சட்டமான சப்ஃபிரேமில் தனித் தாங்கிகள் வைத்துப் பிடிக்கும். அவற்றை நான் குறை சொல்லவில்லை. பழைய கிளிப் துளைகளிலேயே மாட்டிக்கொள்ளலாம் என்று விற்கும் கனத் தகடுகளைத்தான் சந்தேகிக்கச் சொல்கிறேன்.

இன்னொன்று: பிளாஸ்டிக் தடுப்புக்கல்லில் மோதினால் வளையும், மிஞ்சினால் உடையும், அடி அதோடு நின்றுவிடும். தகடு வளையாமல் அந்த அடியைத் தாங்கிகள் வழியே சப்ஃபிரேமுக்குக் கடத்தும். அலுமினியம் துருப்பிடிக்காது என்பதும் பாதிதான். எஃகு போல்ட்டோடு சேர்ந்து உப்புத் தண்ணீரில் நனைந்தால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும்.

மழைச்சாலை எழுதியது:

சத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெறும் தகடு எஞ்சின் இரைச்சலைத் திருப்பி அனுப்பும். சிறு கல் பட்டால் தகரக் கூரையில் மழை பெய்வதுபோல் கேட்கும். சில வண்டிகளில் அசல் கவசமே அழுத்திய ஃபெல்ட் போன்ற நார்ப்பொருளில் வருவது இரைச்சலை உறிஞ்சத்தான். ஆனால் அது ஆயிலையும் உறிஞ்சும். ஆயிலில் ஊறிய நார்க்கவசத்தைக் கழுவி மாட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள். சூடான புகைக்குழாய்க்குப் பக்கத்தில் அது எரிபொருளில் நனைத்த துணிக்குச் சமம்.

தகடு மன்னன் எழுதியது:

கரடுமுரடான மண்பாதையில் ஓட்டுகிறவர்களுக்கு உங்கள் கணக்கு எதுவும் உதவாது. ஆயில் பேனில் ஓட்டை விழுந்தால் அழுத்தம் போய் எஞ்சினே போகும். அதைப் பார்த்தவன் நான்.

கிளிப் கணக்கர் எழுதியது:

மண்பாதைக்காரர் கேட்டால் நானும் உங்கள் பக்கம்தான். கேட்டவர் தார்ச்சாலைக்காரர்.

நடுவரிசை எழுதியது:

சரி, பிளாஸ்டிக் என்று முடிவு செய்கிறேன். அசலா, மலிவு நகலா? பழையதையே ஒட்டிவிடலாமா என்றும் வீட்டில் கேட்கிறார்கள்.

கிளிப் கணக்கர் எழுதியது:

ஒட்டுவதை முதலில் மறந்துவிடுங்கள். பாலிப்ரொப்பிலீன் மேல் சாதாரணப் பசையும் எபாக்சியும் பிடிக்காது, தோல்போல் உரிந்துவரும். அதே பிளாஸ்டிக் குச்சியை வைத்து உருக்கி வெல்டிங் செய்யலாம். நடுவில் ஒரு விரிசல் என்றால் அது நல்ல வழி. விரிசல் முடியும் இடத்தில் சிறு துளை போட்டால் மேலும் ஓடாது. உங்களுடையதில் வரிசையாகத் துளைகள் போயிருக்கின்றன. உழைப்புக்கு ஏற்ற பலன் இல்லை.

நகல் வாங்குவதில் தப்பில்லை, பார்த்து வாங்கினால். மாடல் பெயரையும் ஆண்டையும் மட்டும் நம்பாதீர்கள். டொயோட்டா சியன்னாவின் மூன்றாம் தலைமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே தோற்றத்துக்குள் 2.7 லிட்டர் நான்கு சிலிண்டரும் வந்தது, 3.5 லிட்டர் வி6-உம் வந்தது, நான்கு சக்கர இயக்கமும் வந்தது. 2021 மாடல் முதல் ஹைபிரிட் மட்டும்தான். இப்படி எஞ்சின் மாறினால் ஆயில் வடிக்கும் இடம் மாறலாம், கவசத்தின் திறப்பும் மாறலாம். வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணைக் கொடுத்து அசல் பாக எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். நகலின் விளக்கத்தில் அந்த எண் இருந்தால் மட்டும் தொடருங்கள். ஒரே கவசம் என்று நாம் நினைப்பது சில வண்டிகளில் இடது, வலது, நடு என்று மூன்று துண்டு. எந்தத் துண்டு என்பதையும் பாருங்கள்.

பொருள் கைக்கு வந்ததும் பழையதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். துளைகளின் எண்ணிக்கையும் இடமும். சில துளைகள் நீள்வட்டமாக இருப்பது பிளாஸ்டிக் சூட்டில் விரிவதற்காக, நகலில் அவை வட்டமாக இருந்தால் வெயிலில் தட்டு முறுக்கும். புகைக்குழாய் பக்கம் அசலில் வெள்ளித்தாள் போன்ற வெப்பத் தடுப்பு ஒட்டியிருந்தால் நகலிலும் இருக்க வேண்டும். பாலிப்ரொப்பிலீன் ஏறத்தாழ 160 டிகிரி செல்சியசில் உருகும். அதற்கு வெகுமுன்பே தொய்ந்துவிடும். பின்புறத்தில் பொருளின் குறியீடு அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிபி-டி20 என்றால் இருபது சதவிகிதம் டால்க் என்ற கனிமத் தூள் கலந்த பாலிப்ரொப்பிலீன். எந்தக் குறியும் இல்லாத தட்டைக் கையால் லேசாக வளைத்துப் பார்ப்பேன்; வெள்ளைக் கோடு விழுந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். குளிர் மிகுந்த இடத்தில் ஓட்டுகிறவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். ரப்பர்த் தன்மை சேர்க்காத பாலிப்ரொப்பிலீன் பூஜ்ஜிய டிகிரிக்கு அருகிலேயே விறைத்து நொறுங்கத் தொடங்கும்.

பழைய பானா எழுதியது:

இத்தனை சோதனையா ஒரு சேற்றுத் தட்டுக்கு! சரி, மாட்டுவதை நான் சொல்கிறேன், இதிலாவது கணக்கர் தலையிடாமல் இருக்கட்டும்.

வெறும் ஜாக்கியின் மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். சாய்தளமோ ஸ்டாண்டோ வேண்டும், பின்சக்கரங்களுக்குக் கட்டை வேண்டும். எஞ்சின் ஆறட்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், தட்டின்மேல் தேங்கிய மண்ணெல்லாம் முகத்தில்தான் விழும். எம்6 போல்ட் என்றால் பெரும்பாலும் பத்து மில்லிமீட்டர் சாக்கெட். கிளிப்பில் நடுப்பின்னை முதலில் நெம்புங்கள், பிறகு முழுக் கிளிப்பும் தானே வரும். மொத்தமாகப் பிடித்து இழுத்தால் உடையும். பின்பக்கத்து போல்ட்டுகளை முதலில் கழற்றி, முன்பக்கத்தைக் கடைசியில் விடுங்கள். தட்டைக் கழற்றியதும் ஆயில் பேன், வடிகால் போல்ட், ஆக்சில் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் எல்லாவற்றையும் ஒரு முறை பாருங்கள். பிறகு மூடிவிடப் போகிறீர்களே, அதனால் சொல்கிறேன்.

மாட்டும்போது எல்லா போல்ட்டையும் கையால் இரண்டு சுற்று ஏற்றிவிட்டு, தட்டைச் சரிபார்த்து, அதன் பிறகுதான் இறுக்க வேண்டும். காற்றில் ஓடும் போல்ட் முடுக்கியைத் தொடாதீர்கள். இந்த போல்ட்டுக்கு வேண்டிய இறுக்கம் மணிக்கட்டு பலம்தான்.

மழைச்சாலை எழுதியது:

முன் ஓரம் பம்பரின் கீழ் உதட்டுக்கு மேலே செருகி உட்கார வேண்டும், அடியில் தொங்கக்கூடாது. இரண்டு துண்டாக வரும் கவசத்திலும் பின்துண்டின் முன்விளிம்பு, முன்துண்டுக்கு மேலே மறைந்திருக்க வேண்டும். காற்றுக்கு எதிரே எந்த விளிம்பும் வாய் திறந்து நிற்கக்கூடாது.

நடுவரிசை எழுதியது:

ஒரு சந்தேகம். இருக்கும் போல்ட்டுகளில் இரண்டு சுற்றிக்கொண்டே இருக்கின்றன, வெளியே வரவில்லை. காணாமல் போனவற்றுக்குப் பதில் நைலான் கட்டுவார் போட்டுவிடலாம் என்றும் ஒருவர் சொன்னார்.

கிளிப் கணக்கர் எழுதியது:

கட்டுவார் வீடு போய்ச் சேரும்வரை மட்டும். தானே துளையிடும் திருகாணியும் கூடாது. அது உள்ளே எதைத் துளைக்கும் என்று கீழே படுத்திருப்பவருக்குத் தெரியாது. கவசம் வாங்கும்போதே கிளிப்பும் போல்ட்டும் சேர்ந்த முழுத் தொகுப்பையும் வாங்கிவிடுங்கள்.

பழைய பானா எழுதியது:

சுற்றுவது போல்ட் இல்லை, மேலே இருக்கும் கிளிப் நட்டு. துருப்பிடித்து போல்ட்டோடு ஒட்டிக்கொண்டு சேர்ந்து சுற்றுகிறது. துருநீக்கி எண்ணெய் தெளித்து ஊறவிடுங்கள். பிறகு தட்டைக் கீழே இழுத்துப் பிடித்து இடைவெளி உண்டாக்கி, நட்டை இடுக்கியால் பற்றிக்கொண்டு திருப்புங்கள். அதற்கும் மசியாவிட்டால் போல்ட்டின் தலையை அறுத்துவிடலாம். கிளிப் நட்டு தனியாகக் கிடைக்கும், புதிதாகச் செருகிக்கொள்ளலாம். ஆனால் சப்ஃபிரேமில் வெல்டிங் செய்த நட்டாக இருந்தால் அறுக்காமல் பொறுமையாக எண்ணெய் விட்டுப் பாருங்கள். புது போல்ட்டின் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி ஏற்றினால் அடுத்த முறை இந்தத் தொல்லை இருக்காது.

ஆயில் வடிக்கத் தனித் திறப்பு உள்ள கவசமாகப் பார்த்து வாங்குங்கள். என் வண்டியில் கவசம் கிடையாது, இனியும் இருக்காது.